குளிர்காலத்து நாகபந்தனம்

ஜெர்மனியின் ஹம் நகரில் போன ஜனவரியில் கடவுள் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வந்து இறங்கினார். மேலே பூட்டுப் போட்ட மூடி, கீழே மரத்தூள், நடுவே நல்லபாம்பு. பக்கத்தில் பட்டு வேட்டியோடு நாகபந்தன சுவாமிகள். முந்தின ஆண்டு வரை அவர் பெயர் இரத்தினம். ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்கும் வேலை. அருள் எப்போது வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய நிலக்கீழ் அறைக்கு முன்னால் வரிசை தெருமுனை வரை நின்றது. பிராங்பேர்ட்டிலிருந்துகூட வந்தார்கள். ஒரு கடிதாசியை நாலு தரம் வாசித்த பிறகே கையெழுத்து வைக்கும் மகா கெட்டிக்காரர்கள், சப்பாத்தோடு சேர்த்துப் புத்தியையும் வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள்.

சுவாமிகள் மந்திரம் சொல்வார். வெறுங்கையைப் பெட்டிக்குள் விடுவார். பாம்பு கயிறுபோலக் கிடக்கும். "அரோகரா!" என்று சனம் கத்தும். பிறகு வியாபாரம் தொடங்கும்: மந்திரித்த செப்புக் காப்பு ஒன்று, நல்லபாம்புக் குட்டி ஒன்று. வீட்டில் வைத்துக் கும்பிட்டால் அன்ராக், அதுதான் குடியுரிமை விண்ணப்பம், சரிவருமாம், பெரிய வீடு கிடைக்குமாம். காப்புப் போட்டவரைப் பாம்பு தீண்டாதாம். முன்பின் பாம்பு வளர்க்காதவர்களுக்குத்தான் கொடுப்பாராம். வளர்த்தவன் கேள்வி கேட்பான் அல்லவா!

வரிசையில் நின்ற கிருபனும் காப்பை வாங்கிப் போட்டுக்கொண்டான். குட்டி அடுத்த ஞாயிறு வரும் என்றான். அவன் மனைவி சிவப்பிரியா சம்மதிக்கவில்லை. அவர்களுக்கு இருப்பது இரண்டே அறை; அதில் பத்து மாதப் பிள்ளை தவழ்ந்து திரிகிறது.

"இஞ்சாருங்கோ, ஒரு பூனைகூட வளர்த்துப் பழக்கமில்லாத நீங்கள் விஷப்பாம்பு வளர்க்கப் போறியளோ?"

"குட்டிதானே."

"குட்டிக்கும் விஷம் இருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போன் அடிச்சுக் கேட்டனான். இந்தப் பாம்புக்கு மருந்து அங்க இல்லையாம். வேற இடத்திலயிருந்துதான் எடுப்பிக்கோணுமாம்."

"நம்பிக்கை இல்லாத ஆக்களுக்குத்தான் மருந்து," என்றான் கிருபன். இது சுவாமிகளின் வாசகம். அவர் இலவசமாகக் கொடுத்தது இது ஒன்றுதான்.

அடுத்த ஞாயிறு சிவப்பிரியாவும் கூடப் போனாள். உள்ளே அரோகரா சொன்னவர்களின் வாயிலிருந்து புகை வந்தது. பக்திப் புகை அல்ல, குளிர். அவள் சுவரிலிருந்த ஹீற்றரைத் தொட்டுப் பார்த்தாள், பனிக்கட்டி.

"சாமி, ஏன் ஹீற்றர் போடேல்லை?"

"சூடு நாகத்துக்கு ஆகாது பிள்ளை."

"வன்னி வெயிலுக்க கிடக்கிற சாமான்தானே இது?"

சுவாமிகள் கண்ணை மூடித் தியானத்தில் ஆழ்ந்தார். பதில் இல்லாதவர்களுக்குத் தியானம் நல்ல வசதி.

"உங்கட மந்திரம் எங்கட வீட்டிலயும் வேலை செய்யுமோ?"

"எரிமலைக்குள்ளயும் செய்யும்!"

"எரிமலை வேண்டாம். பிள்ளைக்காக நாங்கள் வீட்டைச் சூடா வச்சிருக்கிறம். அந்தளவு காணும்," என்றவள் ஹீற்றரின் திருகியை ஆகக்கூடிய சூடான ஐந்துக்குத் திருப்பினாள்.

பக்தர்கள் தடுக்கவில்லை. விறைத்துப்போயிருந்தவர்கள் நிம்மதியாக ஜாக்கெட்டைக் கழற்றினார்கள். சுவாமிகள் அவசரமாக எழுந்து, "இண்டைக்குப் பூசை முடிஞ்சுது," என்றார்.

"பிராங்பேர்ட்டிலயிருந்து வந்தனாங்கள் சாமி. ஒருக்கா கையை விட்டுக் காட்டுங்கோ," என்றார் ஒருவர். பாவம், அவர் உண்மையாகவே நம்பிக் கேட்டார்.

ஒரு மணித்தியாலம் போனது. சுவாமிகளுக்கு வியர்த்தது. பெட்டிக்குள் மரத்தூள் அசைந்தது. தலை எழும்பியது. படம் விரிந்தது. கண்ணாடியில் 'டக்' என்று ஒரு கொத்து! மூடி பூட்டித்தான் இருந்தது. சுவாமிகள் கதிரைக்கு மேல் நின்றார்.

சிவப்பிரியா பெட்டியைக் காட்டினாள். "இப்ப கையை விடுங்கோ சாமி. காப்பும் போட்டிருக்கிறியள்."

"உனக்கென்ன விசரே? எனக்குப் பிள்ளை குட்டி இருக்கு!"

"எனக்கும் இருக்கு," என்றாள் சிவப்பிரியா.

கிருபன் மனைவியின் முகத்தைப் பார்க்காமல் காப்பைக் கழற்றி மேசையில் வைத்தான். "குளிர்ந்தால் பாம்பு விறைச்சுப்போய்க் கிடக்கும். பள்ளிக்கூடத்தில நாங்கள் எல்லாரும் படிச்சதுதானே!" என்று அவள் கத்தியபோது அழுகையும் வந்தது. அவள் அறிவித்ததில் அன்று மாலையே நகரசபை ஆட்கள் வந்து பாம்பையும் குட்டிகளையும் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

வரிசையில் நின்ற சிலர் மட்டும் நம்பிக்கையை இன்னும் விடவில்லை. ஜெர்மன் ஹீற்றரில் ஏதோ தோஷமாம். அதைக் கழிக்கப் பரிகாரம் தேடுகிறார்கள். விறைத்துக் கிடந்த பாம்புக்கே ஒரு மணி நேரச் சூட்டில் தெளிவு வந்துவிட்டது. தமிழா, உனக்கு ஹீற்றரை எத்தனையில் வைக்க வேண்டும்?