நான்தான் நெதர்லாந்து

என் வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் போலீஸ் ஸ்டேஷன் படி ஏறியிருக்கிறேன். அன்றைக்குப் புகார் மனுவை எழுதியவள் நான். மனுவில் சொல்லப்பட்ட மர்ம நபரும் நானே. (எழுத்துப்பிழை ஒன்றுகூடக் கிடையாது. அந்தக் கையெழுத்தைப் பார்த்து ரைட்டரே பாராட்டினார்.)

அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. பெயர் சவரிமுத்து. ராயப்பன்பட்டியில் எல்லோருக்கும் வி.ஏ.ஓ. சார். முப்பது வருடம் கிராம நிர்வாக அலுவலராக இருந்து, வந்தவன் போனவனை எல்லாம் விசாரித்தே பழகியவர். ஓய்வு பெற்றபோது வேலைதான் போனது, விசாரணை போகவில்லை. பால்காரரிடம் மாடு எப்போது கன்று போட்டது என்று கேட்பார். யாராவது பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னால், "ஒனக்கு யார் சொன்னது?" என்பார்.

நான் எம்.சி.ஏ. முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த காலம். காத்திருப்பது ரொம்ப அலுப்பான வேலை என்பதால், கைபேசியில் குட்டி வீடியோ போடும் ஒரு செயலியில் கணக்குத் தொடங்கினேன். அப்பாவின் துண்டைத் தோளில் போட்டு, கண்ணாடியை மூக்கு நுனிக்குத் தள்ளி, சந்தையில் வாங்கி வந்த காய்கறிகளை அவர் குரலிலேயே விசாரிப்பேன். "ஏலே காலிஃபிளவரு, எந்தத் தோட்டம் நீ? பட்டா யார் பேர்ல? மறைக்காமச் சொல்லு!" அவ்வளவுதான். பதினோராயிரம் பேர் பின்தொடர்ந்தார்கள். 'பட்டா அக்கா' என்று பட்டப்பெயரும் கிடைத்தது. வீட்டில் அம்மாவுக்கு மட்டும் தெரியும். அப்பாவிடம் பட்டன் போன் மட்டும் இருந்த காலம் என்பதால் தப்பித்தேன்.

திடீரென்று ஒரு நாள் அரசாங்கம் அந்தச் செயலியைத் தடை செய்துவிட்டது. நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்து என்றார்கள். என் காலிஃபிளவரால் நாட்டுக்கு என்ன ஆபத்து என்று ஒரு வாரம் சோறு இறங்காமல் கிடந்தேன். பிறகு மறந்தும் போனேன்.

ரொம்ப நாள் கழித்துக் கல்லூரித் தோழி ஒருத்தி வி.பி.என். என்ற சங்கதியைச் சொல்லிக்கொடுத்தாள். நாம் ராயப்பன்பட்டியில் உட்கார்ந்துகொண்டே வேறொரு நாட்டில் இருப்பதாக இணையத்தை நம்பவைக்கும் சின்ன விஷயம் அது. இலவசமாக எடுத்தால் மூன்றே நாடுகள் காட்டும். முதலில் இருந்தது நெதர்லாந்து. அழுத்தினேன். பிரௌசரில் போய்ப் பார்த்தால் என் வீடியோக்கள் எல்லாம் அப்படியே இருந்தன! மலேசியாவில் இருந்து ஒரு அக்கா, "பட்டா அக்கா, எங்கே காணோம்? உயிரோடு இருக்கீங்களா?" என்று கேட்டிருந்தார். கண் கலங்கிவிட்டது. அன்று முதல் வாரத்துக்கு இரண்டு முறை மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் நெதர்லாந்து போய் வந்தேன்.

நான் யோசிக்காத ஒன்று இருந்தது. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரே மெயில் ஐ.டி. ("ரெண்டு இருந்தா ரெண்டையும் காவ காக்கணும்" என்பது அப்பாவின் கொள்கை.) அதற்குள் அப்பாவும் டச் போனுக்கு மாறியிருந்தார்; அந்த ஐ.டி.க்கு வரும் எச்சரிக்கை மெயில் எல்லாம் அவர் போனிலும் வந்து விழும்.

ஒரு நாள் சாயங்காலம் அப்பா போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"ஏத்தா ஜெசி, இதைப் படி. நம்ம கணக்குக்குள்ள நெதர்லாந்துல இருந்து எவனோ நொழைஞ்சிருக்கானாம். மூணாவது தடவை."

படித்தேன். அந்த நிமிடமே, "நான்தான்ப்பா" என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் எதற்கு என்பார். காட்டு என்பார். காட்டினால் திரையில் அவரே துண்டோடு நின்று முள்ளங்கியை மிரட்டுவார். எனவே மகா புத்திசாலித்தனமாக, "அடப்பாவமே, யாரா இருக்கும்?" என்றேன்.

இப்படிக் கேட்டால் அப்பா சும்மா விடுவாரா? என் பழைய அட்லஸை எடுத்து நெதர்லாந்து எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துத் தேடினார். விரல் நின்ற இடத்தில் அவர் முகம் மாறியது.

"நம்ம அருளு மவன் அங்கனதான இருக்கான்?"

அருளானந்தம் மாமா அப்பாவின் பள்ளிக்கூடத் தோழர். திராட்சைத் தோட்டக்காரர். அவர் தோட்டமும் எங்கள் தென்னந்தோப்பும் ஒரே வரப்பில் முட்டும். இருவரும் தினமும் காலையில் சேர்ந்து நடந்து, சேர்ந்து டீ குடிப்பவர்கள். மாமாவின் மகன் ஜெரால்டு விவசாயம் படித்துவிட்டு, நெதர்லாந்தில் கண்ணாடிக் கூடாரத்துக்குள் தக்காளி வளர்க்கும் வேலையில் இருந்தான்.

"ஜெரால்டா? ச்சீ, இருக்காதுப்பா" என்றேன்.

"போன கிறிஸ்மஸுக்கு வந்தப்ப என் போனை வாங்கி எழுத்தைப் பெருசு பண்ணிக் குடுத்தான். எழுத்தை மட்டுமா பண்ணான்? அவுங்கப்பனுக்கும் நம்ம வரப்பு மேல எப்பவும் ஒரு கண்ணு."

அடுத்த நாளில் இருந்து அப்பா காலை நடையை நிறுத்திவிட்டார். மாமா வாசலில் வந்து கூப்பிட்டால், "முட்டி வலி" என்று உள்ளே இருந்தே குரல் கொடுப்பார். நான் வி.பி.என்.னை அழித்துவிட்டேன். ஆனாலும் எனக்குள் பயம் புகுந்துகொண்டது. தடை செய்ததைத் திறந்ததற்கு என்ன தண்டனை என்று தேடினேன். அப்படித் தேடியதையும் யாராவது கவனிப்பார்களோ என்று, தேடியதை அழித்தேன். கரண்ட் மீட்டர் பார்க்க வந்தவர் சுவரோரம் நின்று எதையோ குறிப்பதைக் கண்டு, டெல்லியில் இருந்துதான் ஆள் அனுப்பிவிட்டார்கள் என்று குளியலறைக்குள் ஒளிந்தேன். (பாவம், ஒரு சொம்பு தண்ணீர் கேட்டிருக்கிறார்.) ஒரே வீட்டில் அப்பா உலகத்தைச் சந்தேகப்பட்டார். நான் அரசாங்கத்தைச் சந்தேகப்பட்டேன். அம்மா எங்கள் இருவரையும் சந்தேகப்பட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் விஷயம் முற்றியது. ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரம். முன் வரிசையில் இருந்த மாமா திரும்பி, சிரித்த முகமாக அப்பாவைப் பார்த்துக் கைகூப்பினார். அப்பா மேலே கூரையைப் பார்த்தார். கூப்பிய கை கூப்பியபடியே சில நொடி நின்றது. மாமா மெல்லக் கைகளை இறக்கித் திரும்பிக்கொண்டதைப் பார்த்தேன். அப்போதாவது சொன்னேனா? இல்லை. வீட்டுக்குப் போய்க் கறிக்குழம்பு சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை அப்பா வெள்ளைத்தாளும் பேனாவும் கொண்டுவந்து என்முன் வைத்தார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். 'மேற்படி மர்ம நபர் எனது குடும்பத்தின் அந்தரங்கத்துக்குள் அத்துமீறிப் பிரவேசித்து' என்ற இடத்தில் பேனா மக்கர் செய்தது. அப்பா வேறு பேனா கொடுத்தார்.

ஸ்டேஷனில் இருந்த எஸ்.ஐ. ஒரு பெண், சின்ன வயது. மனுவைப் பொறுமையாகப் படித்தார்.

"சந்தேகப்படுற ஆளோட அப்பா உள்ளூர்தானே? வரச் சொல்லுங்க, ஒரு வார்த்தை கேட்டுருவோம்" என்று ஏட்டிடம் சொன்னார்.

அரை மணி நேரத்தில் மாமா வந்தார். தோட்டத்தில் மருந்தடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே வந்திருந்தார். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"ஏலே சவரி, நீயும் வந்துருக்கியா? நல்லதாப் போச்சு. என்னமோ என் மவனப் பத்திக் கேக்கணும்னு வரச் சொன்னாக. எனக்கு ஒண்ணும் புரியல. நீயே பேசு."

எஸ்.ஐ. மனுவைப் படித்துக் காட்டினார். மாமா அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எஸ்.ஐ. பக்கம் திரும்பி, போனில் ஒரு படத்தைக் காட்டினார்.

"அம்மா, என் மவன் தக்காளி வளக்கிறான்மா. வேற ஒண்ணும் தெரியாதும்மா அவனுக்கு."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எழுந்து நின்றேன். கோவையாக நாலு வாக்கியம் யோசித்து வைத்திருந்தேன். வாயில் வந்தது ஒன்றுதான்.

"மேடம், நான்தான் நெதர்லாந்து."

பிறகு எல்லாவற்றையும் கொட்டினேன். செயலி, வி.பி.என்., மலேசியா அக்கா, எல்லாம். எஸ்.ஐ.க்குப் பாதி நம்பிக்கை, பாதி சந்தேகம்.

"அப்படி என்னதான் வீடியோ அது? காட்டுங்க."

என் போனில் பழைய பிரதிகள் இருந்தன. ஒன்றை அழுத்தினேன். சத்தம் முழுசாக வைத்திருந்தது அப்போதுதான் தெரிந்தது. 'ஏலே காலிஃபிளவரு! பட்டா யார் பேர்ல?' என்று ஸ்டேஷன் முழுக்க அப்பாவின் குரல் எதிரொலித்தது.

வாசலில் நின்ற ஏட்டு துள்ளிக்கொண்டு வந்தார். "மேடம், இது நம்ம பட்டா அக்கா!"

எஸ்.ஐ. அவரைப் பார்த்தார்.

"தடை வர்றதுக்கு முன்னாடி பாத்தது மேடம்" என்று ஏட்டு இரண்டடி பின்னால் போனார்.

மாமாவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. சத்தமில்லாமல் தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டே துண்டால் கண்ணைத் துடைத்தார். அது சிரிப்புக்கான கண்ணீர் மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். எஸ்.ஐ. என்னிடம், "தடை பண்ணினதுக்குள்ள இனிமே போகாதீங்க. அதைவிட, எழுதுற மனுவுல பொய் எழுதாதீங்க" என்று சொல்லித் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

வெளியே வந்தோம். எதிர் டீக்கடையில் மாமா மூன்று டீ சொன்னார். அப்பா கிளாஸைக் கையில் வாங்கி அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குடிலே. மருந்து தோட்டத்துல இருக்கு, இங்கன கொண்டாரல" என்றார் மாமா.

அப்பா ஒரு வாய் குடித்தார். மன்னிப்புக் கேட்டு அவருக்குப் பழக்கம் இல்லை. "அருளு, நான் அப்படியா பேசுறேன்?" என்றார்.

"இல்ல. புள்ள உன்னை ரொம்பக் கொறச்சுக் காட்டிருக்கு."

அப்பா என் பக்கம் திரும்பினார். அடி விழும் என்று நினைத்தேன். "எத்தனை பேர் பாத்தாக?" என்றார். பதினோராயிரம் என்றேன். "அதுல ஒருத்தன்கூடவா கம்ப்ளைண்ட் குடுக்கல?" என்று கேட்டுவிட்டு, மறுநாள் காலை எத்தனை மணிக்கு நடக்கப் போகலாம் என்று மாமாவிடம் விசாரித்தார்.

அடுத்த வருடம் எனக்கு வரன் பார்த்தார்கள். தேவதானப்பட்டியில் இருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார், பெண் எப்படி என்று ஊருக்குள் விசாரித்திருக்கிறார்கள். விசாரித்தது மாமாவிடம். "தங்கமான புள்ள. ஒரே ஒரு போலீஸ் கேஸு. அதும் இங்கன இல்ல, நெதர்லாந்துல" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அப்படியும் கல்யாணம் நடந்தது.

இப்போது எங்கள் வீட்டு விசேஷங்களில் யார் வந்தாலும் மாமாவே இந்தக் கதையை ஆரம்பிப்பார். என்னைச் சொல்ல வைப்பார். கடைசி வரியை அவரே பிடுங்கிச் சொல்லிவிடுவார். எல்லோரும் சிரிப்பார்கள், என் மாமியாரைத் தவிர. போன வாரம்கூடக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஏத்தா, நம்ம ரெண்டு பேருதான் இருக்கோம், உண்மையச் சொல்லு. அங்கன எத்தனை வருசம் இருந்த?"

எனக்குப் பாஸ்போர்ட்டே கிடையாது அத்தை என்றேன்.

அவர் கீரையைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பாஸ்போர்ட் இல்லாமயா போன?"