பினாங்கு என்று எழுதிய பெட்டிகள்

தாண்டவன்வெளி,
மட்டக்களப்பு.
12.06.1963

இயேசு மரி சூசை துணை.

என் அன்புக்கும் மதிப்புக்கும் உரிய சம்பந்தியார் வின்சன்ற் அவர்களுக்கு, அரசாங்கக் கச்சேரியில் முப்பத்தொரு வருடம் பேனா பிடித்து இளைப்பாறிய உங்கள் சம்பந்தி அருமைநாயகம் பணிவுடன் எழுதிக்கொள்வது. தேவமாதாவின் தயவால் இங்கு எல்லோரும் சுகம். என் வலது முழங்கால் மட்டும் சுகமில்லை, அதைத் தேவமாதாவிடம் இன்னும் முறையிடவில்லை. சொறிக்கல்முனையில் தாங்களும் சம்பந்தியம்மாவும், தை மாதம் கலியாணம் முடித்த மகள் செசீலியாவும் புது மருமகனும் சுகமாக இருக்க மன்றாடுகிறோம். போன கிழமை வள்ளத்தில் கொடுத்தனுப்பிய தயிர் முட்டிகள் இரண்டும் வந்தன. ஒன்றில் தயிர் இருந்தது. மற்றது துறையில் இறங்கும்போது கவிழ்ந்துவிட்டதாகக் கொண்டுவந்தவர் சொன்னார், அவருடைய மீசையைப் பார்த்தபிறகு நான் மேற்கொண்டு விசாரிக்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மகனும் என் மருமகனுமாகிய நோபேட் மெக்கானிக்காக வேலை பார்க்கும் ஏறாவூர்ப் பக்கத்துத் தும்பு மில் தாங்கள் அறிந்ததே. தேங்காய் மட்டையை வாவியில் ஊறப்போட்டு, அடித்துத் தும்பாக்கி, கயிறும் கால்மிதியும் செய்து சீமைக்கு அனுப்புகிற வெள்ளைக்காரக் கம்பனி அது. என் மகள் ஜோசப்பின் மூன்று தண்ணீரில் அலம்பினாலும் மருமகனுடைய சட்டையில் அந்த ஊறின மட்டை வாசம் போகாது. இருநூற்று நாற்பது பேர் அந்த வாசத்தில்தான் சோறு தின்கிறார்கள். இந்தக் கம்பனி சித்திரை வருடப்பிறப்பு முடிந்த கையோடு, இனி இந்த நாட்டில் கட்டுப்படியாகாது, மலாயாவுக்குப் போகப்போகிறோம் என்று அரசாங்கத்துக்கு எழுதிவிட்டது. எழுதியதோடு நிற்கவில்லை. மில் வாசலில் பெரிய மரப்பெட்டிகளை அடுக்கி, ஒவ்வொன்றிலும் கறுப்பு மையால் பினாங்கு என்று எழுதியும் வைத்தது. வேலைக்கு வருகிறவர்கள் காலையும் மாலையும் அந்தப் பெட்டிகளைத் தாண்டித்தான் போய்வர வேண்டும். கும்பிடாத குறை.

பெட்டிகளைக் கண்டு கொழும்பு நடுங்கிப்போயிற்று. கம்பனி இன்னும் பத்து வருடம் இங்கேயே இருப்பதாகக் கையெழுத்து வைத்தால், ஏற்றுமதி வரியைக் குறைப்போம், ஸ்டேசனில் இருந்து மில் வரைக்கும் தண்டவாளம் போடுவோம், வாவியில் துறை கட்டிக் கொடுப்போம் என்று அரசாங்கம் இறங்கி வந்தது. பாராளுமன்றத்தில் இதைப் பற்றி மூன்று நாள் கதைத்தார்கள், நான் பத்திரிகையில் ஒரு வரி விடாமல் வாசித்தேன். வேலையைக் காப்பாற்றுவது அரசாங்கத்தின் கடமை என்றார் ஒருவர். இது மிரட்டல், இன்றைக்குத் தும்புக் கம்பனிக்குக் கொடுத்தால் நாளைக்குத் தேயிலைக் கம்பனி பெட்டி அடுக்கும் என்றார் இன்னொருவர். கொடுக்கிறதைக் கம்பனிக்குக் கொடாமல் தொழிலாளிக்குக் கொடு என்றார் மூன்றாமவர், அவரை இரண்டு பக்கத்தாரும் இருக்கச் சொல்லி அமர்த்திவிட்டார்கள். நான் இரண்டாமவர் கட்சி. எத்தனை கோப்புப் பார்த்தவன் நான். ஒருதரம் ஓம் என்று குறிப்பு எழுதிவிட்டால் அந்தக் கோப்பு அடுத்த வருடம் இன்னும் தடித்து நம்முடைய மேசைக்கே திரும்பி வரும். இதையே பத்திரிகைக்கும் எழுதினேன். போட்டார்கள். என் பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டார்கள், கருத்தை விடவில்லை.

அதனால் வந்த வினைதான் போன ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். ஏறாவூர்ப் பாடசாலை மண்டபத்தில், அரசாங்கம் கொடுப்பது சரியா பிழையா என்று ஊரவர் கதைக்கக் கூடினார்கள். பத்திரிகைக்கு எழுதின ஐயா என்று என்னையும் மேடைக்குக் கூப்பிட்டார்கள். வீட்டில் மனைவி செபஸ்தியம்மாவும் வருவேன் என்றா. இத்தனை வருடமாக என் பேச்சை வீட்டில் கேட்காத மனிசி வெளியிலாவது கேட்கட்டும் என்று கூட்டிப் போனேன், அது என் முதல் பிழை. நான் நன்றாகவே பேசினேன் சம்பந்தி, அதைச் சொல்ல வெட்கமில்லை. போகிறேன் போகிறேன் என்று சொல்கிறவனுக்கு ஒரு அரசாங்கம் வாசலை மறித்துக்கொண்டு நிற்கக்கூடாது, வாசலை நன்றாகத் திறந்துவிட வேண்டும், அப்போதுதான் அவன் மெய்யாகப் போகிறானா என்று தெரியும் என்றேன். மர வாங்குகளில் வரிசையாக இருந்தவர்கள் கைதட்டினார்கள். மூன்றாம் வரிசையில் இருந்த நம்முடைய நோபேட் மட்டும் தட்டவில்லை, கவனித்துக்கொண்டேன்.

அப்போது பெண்கள் பக்கத்தில் ஆயிஷா உம்மா என்று ஒரு மனிசி எழும்பினா. மில்லில் மட்டை அடிக்கிறவ. புருஷன் இல்லை, நாலு பிள்ளை. கோபப்படாமல், சந்தையில் மீன் விலை கேட்கிற மாதிரித்தான் கேட்டா.

"ஐயா, உங்கட பென்சன் பினாங்குக்குப் போகாது. எங்கட வேலை போகும். நீங்க வாசலத் திறந்து விடச் சொல்றீங்க, மறுகா நாங்க எங்க போற?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. நீண்ட பதில். அதை மனதில் ஒழுங்குபடுத்திக்கொண்டு கண்ணாடியைத் துடைத்த அந்த இடைவெளியில், அவவுக்குப் பக்கத்தில் இருந்த என் மனிசி எழும்பிவிட்டா.

"இவர் சொல்றது சரிதான். வீட்டுக்குள்ள இருக்கிற கம்பனிக்கு மட்டும் ஏன் குடுத்துக்கொண்டிருக்கார் எண்டு கேளுங்க."

மண்டபம் சிரித்த சிரிப்பில் ஓட்டுக்கூரையில் இருந்த புறா எல்லாம் பறந்துவிட்டது. என்ன கம்பனி என்று தெரியாதவர்களுக்குத் தெரிந்தவர்கள் விளக்கினார்கள். தங்களுக்கும் நான் விளக்க வேண்டியவனாக இருக்கிறேன், பொறுத்துக்கொள்ள வேண்டும், உங்கள் பிள்ளையைக் குறை சொல்ல எனக்கு விருப்பமில்லை. எங்கள் பகுதி வழக்கப்படி நோபேட் கலியாணம் முடித்து எங்கள் வீட்டுக்கு வந்து நாலு வருடம். நல்ல பிள்ளை. குடி கிடையாது, கோயில் தவறாது, இயந்திரம் எது நின்றாலும் காது வைத்துக் கேட்டே பிழையைச் சொல்லுவார். ஒரே ஒரு குணம், மனம் நொந்தால் தன் தகரப்பெட்டியைத் தூக்கி விறாந்தையில் வைத்துவிட்டு, நான் சொறிக்கல்முனைக்குப் போறன் என்பார். முதல்தரம் வைத்தபோது சைக்கிள் வாங்கிக் கொடுத்தேன். பெட்டி உள்ளே போயிற்று. இரண்டாம்தரம் றேடியோ. மூன்றாம்தரம், வாவிக் காற்று வருகிற முன் அறையை அவர்களுக்கு விட்டு நானும் செபஸ்தியம்மாவும் கிணற்றுப் பக்கத்து அறைக்குப் போனோம். ஒவ்வொரு முறையும் ஜோசப்பின்தான் இரண்டு பக்கமும் நடந்து கதைப்பா, மந்திரி மாதிரி. இதெல்லாம் ஒரு வீட்டில் நடக்கிறதுதானே. இதற்கும் வரிச்சலுகைக்கும் என்ன சம்பந்தம் என்று தாங்களே சொல்லுங்கள்.

கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்தால், மருமகன் எனக்கு முந்திச் சைக்கிளில் வந்து என் சாய்மனைக் கதிரையில் சாய்ந்திருக்கிறார். அந்தக் கதிரை நான் இளைப்பாறின அன்று கச்சேரி நண்பர்கள் சேர்ந்து தந்தது. அறை போயிற்று, றேடியோவில் செய்தி கேட்கிற நேரமும் போயிற்று, எனக்கென்று இந்த வீட்டில் மிஞ்சியது அது ஒன்றுதான். எழும்புங்கள் என்றேன். முழு நாளும் மெசினுக்கு முன்னால் நின்றுவிட்டு வருகிற நான் மர வாங்கில் இருக்கிறேன், முழு நாளும் இருக்கிற நீங்கள் கதிரையில் இருக்கிறீர்கள், இது என்ன நியாயம் என்று கேட்டார். நியாயமான கேள்விதான், ஆனால் கேட்ட விதம் சரியில்லை. நானும் விடவில்லை, நியாயம் கதைக்க இது என்ன கோர்ட்டா எண்டு கேட்டுப்போட்டன், அவரும் எழும்பிப்போய்ப் பெட்டியக் கொண்டுவந்து விறாந்தையில டாண் எண்டு வைச்சுப்போட்டார். மன்னிக்கவும், ஆத்திரத்தில் கை கச்சேரித் தமிழை விட்டுவிட்டது. ஆனால் சம்பந்தி, இந்தமுறை அவர் சொறிக்கல்முனை என்று சொல்லவில்லை.

"நீங்க பேசின பேச்சுக்கு மில் போகத்தான் போகுது, மாமா. துரை என்னையும் வரச் சொல்லிட்டார். நான் பினாங்குக்குப் போறன். ஜோசப்பினும் சின்னவனும் என்னோட வருவாங்க."

மறைக்க ஒன்றுமில்லை, பயந்துபோனேன். சொறிக்கல்முனை என்றால் ஒரு வள்ளத்தில் ஏறி அரை நாளில் வந்து பிள்ளையைப் பார்ப்பேன். பினாங்குக்கு எந்த வள்ளத்தில் ஏறுவது? எனக்கு இருப்பது ஒரே மகள். பேரனுக்கு இரண்டு வயது, இப்போதுதான் என்னை அப்பப்பா, அம்மப்பா என்று குழப்பாமல் சரியாகக் கூப்பிடப் பழகியிருக்கிறான். பின்னேரம் ஜோசப்பின் கிணற்றடியில் வந்து, அப்பா, கதிரையை விட்டுக் கொடுத்தால் அவர் போகமாட்டார் என்று மெல்லச் சொன்னா. நான் மாட்டேன் என்றேன். ஊருக்கு முன்னால் அப்படிப் பேசிவிட்டு வீட்டில் இப்படிச் செய்தால் என்னை யார் மதிப்பார்கள்? மூன்று நாளாகப் பெட்டி விறாந்தையில் இருக்கிறது. போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லோரும் பெட்டியையும் பார்த்து என்னையும் பார்க்கிறார்கள்.

ஆகையால் தங்களிடம் என் வேண்டுகோள் இரண்டு. ஒன்று, கடல் கடந்து போகத் தகப்பன் அனுமதியில்லை என்று நோபேட்டுக்கு உறுதியாக ஒரு கடிதம் எழுதவேண்டும். இரண்டு, அவர் பெட்டியோடு அங்கே வந்தால் தயவுசெய்து வாசலைத் திறக்கக்கூடாது. பெரிய வீட்டைச் செசீலியாவுக்குச் சீதனமாகக் கொடுத்துவிட்டு நீங்களே பின்வளவுச் சிறு வீட்டில் ஒடுங்கியிருப்பதால், இடமில்லை என்று சொன்னால் அது பொய்யும் ஆகாது. நான் கதிரையை விடமாட்டேன். அரசாங்கம் தளர்ந்தாலும் அருமைநாயகம் தளரமாட்டான் என்பதைத் தாங்கள் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் அன்பு. செசீலியாவும் மாப்பிள்ளையும் ஒருவரை ஒருவர் அனுசரித்து நீடூழி வாழவும், உங்கள் வயல் வட்டையில் இந்தப் போகம் யானையும் பன்றியும் வராமல் இருக்கவும் புனித அந்தோனியாரை மன்றாடும்,

தங்கள் அன்புச் சம்பந்தி,
சூ. அருமைநாயகம்
(இளைப்பாறிய எழுதுவினைஞர்)

பின்குறிப்பு, 14.06.1963: நேற்றுக் கடிதத்தை ஒட்டித் தபாற்கந்தோருக்குப் புறப்பட்ட நேரம், மில்லுக்கு மட்டை ஏற்றுகிற அப்துல் கபூர் வழியில் லொறியை நிறுத்தினார். அரசாங்கமும் கம்பனியும் முந்தாநாள் கையெழுத்து வைத்துவிட்டதாம், மில் போகாதாம். அதோடு இன்னொன்றும் சொன்னார். லொறியைப் பின்னுக்கு எடுக்கும்போது வாசலில் இருந்த பினாங்குப் பெட்டி ஒன்றில் தட்டுப்பட்டதாம். பெட்டி வெறும் மண்ணெண்ணெய்த் தகரம் மாதிரி உருண்டு போயிற்றாம். இறங்கிப் பார்த்தால் எல்லாப் பெட்டியும் வெறும் பெட்டி. நான் நடுத்தெருவில் நின்று சிரித்தேன். இதையும் பத்திரிகைக்கு எழுதாமல் விடுவதில்லை என்று கடையில் தாள் வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினேன்.

விறாந்தையில் மருமகனுடைய பெட்டி இருந்தது. வீட்டில் ஒருவரும் இல்லை, எல்லோரும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். ஒரு கையால் தூக்கிப் பார்த்தேன். ஒரு விரலே போதுமாயிருந்தது. திறந்தால் உள்ளே ஒன்றுமில்லை சம்பந்தி. சின்னவனுடைய உடைந்த கிலுக்கு ஒன்று மூலையில் கிடந்தது, அவ்வளவுதான். நாலு வருடமாக இந்த வெறும் பெட்டிக்குத்தான் சைக்கிளும் றேடியோவும் அறையும் கொடுத்திருக்கிறேன். முதலில் நல்ல கோபம் வந்தது. பெட்டியைத் திறந்தபடியே விட்டு, எல்லோரும் வந்து பார்க்கட்டும் என்று கதிரையில் இருந்துகொண்டேன். இருக்க இருக்க வேறு யோசனை வந்தது. வெறும் பெட்டி நிறைய எவ்வளவு நேரம் வேண்டும்? என் மனிசி ஊரையே என்னைப் பார்த்துச் சிரிக்க வைத்தபோது எனக்கு எப்படி இருந்தது என்பது எனக்குத் தெரியும். அதே மாதிரி அவரைப் பார்த்தும் ஊரைச் சிரிக்க வைத்தால், அரை மணித்தியாலத்தில் அந்தப் பெட்டி மெய்யாகவே நிறைந்துவிடும். ஆயிஷா உம்மா கேட்டதற்கு அன்றைக்கு நான் ஒழுங்குபடுத்தின நீண்ட பதிலையும் தேடிப் பார்த்தேன், அது எங்கேயோ போய்விட்டது.

கிணற்றடியில் இருந்த செங்கல்லில் நாலைக் கொண்டுவந்து, பழைய சாரத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்து, இனி யார் தூக்கினாலும் பாரம் இருக்கட்டும் என்று மூடிவிட்டேன். ஜோசப்பின் வந்ததும், கதிரையை உன் புருஷனை எடுத்துக்கொள்ளச் சொல்லு என்றேன். இன்று காலை நோபேட் பெட்டியை உள்ளே கொண்டுபோக வந்து, வழக்கம்போல ஒரு கையால் தூக்கப் பார்த்தார். தோள் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. பெட்டியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் பத்திரிகையில் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். பெட்டியை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்துவிட்டு வந்து, "மாமா, மீன் வாங்க நான் போறன், நீங்க முழங்காலோட நடக்க வேணாம்" என்றார். நாலு வருடத்தில் முதல்தரம்.

ஆகவே மேலே எழுதிய வேண்டுகோள் இரண்டையும் கழித்துவிடவும். அவர் அங்கே வந்தால் வாசலைத் திறந்து தயிர் கொடுத்து அனுப்பவும். வரமாட்டார். கம்பனியைப் பற்றிப் பத்திரிகைக்கு எழுத வாங்கின தாளில்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன், கபூரிடமும் பெட்டிக் கதையை இனி ஒருவருக்கும் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொள்வேன். எழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும், வாங்கில் இருந்து எழுதிப் பழக்கமில்லை. கதிரையில் மருமகன் நித்திரை, அவர் நெஞ்சில் பேரன் நித்திரை.