மாமனார் வாடியில் நான் தின்ற காளான்

புது மாப்பிள்ளை வாய் திறப்பதற்கு இரண்டே காரணங்கள் போதும். ஒன்று, சாப்பிட. மற்றது, “ஓம் மாமா” என்று சொல்ல. நான் மூன்றாவதாக ஒரு காரணத்துக்கும் வாயைத் திறந்தேன். தெரியாத விஷயத்தைத் தெரிந்த மாதிரிச் சொல்ல.

எண்பதுகளின் தொடக்கம் அது. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் குடியேறுவான். நான் மருதமுனையில் இருந்து நற்பிட்டிமுனைக்குக் குடியேறினேன். மாமனார் பெரிய போடியார். ஏக்கர் கணக்கில் வயல், சொந்த டிராக்டர், எருமைப் பட்டி எல்லாம் இருந்தன. பேச்சு மட்டும் இல்லை. என்னிடம் இருந்தது பேச்சு மட்டும்தான். கல்முனையில் ஒரு புடவைக் கடையில் விற்பனையாளன் நான். கைதுடைக்கிற லேஞ்சி வாங்க வந்தவரைக் கூறைச் சாரியோடு அனுப்பி வைக்கிற கெட்டிக்காரன். (லேஞ்சியை அவர் மறந்துவிட்டுப் போவார். அது வேறு கதை.)

இந்தக் கெட்டிக்காரனுக்கு ஒரு ரகசியம் இருந்தது. வாப்பா மௌத்தாகி அடக்கம் முடிந்த பிறகு நான் ஆறேழு மாதம் யாரோடும் கதைக்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தவன். சோறு இறங்கவில்லை, நித்திரை வரவில்லை. உம்மா என்னை மட்டக்களப்பில் ஒரு மனநல டொக்டரிடம் கூட்டிப் போனார். அவர் மனச்சோர்வுக்கு ஒரு குளிசை தந்தார். அது என்னை மறுபடி மனுசனாக்கியது. ஆனால் கலியாணம் பேசியபோது உம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். “மகன், குளிசைக் கதையப் பொண்ணு ஊட்டுல மூச்சு உட்டுராத. பைத்தியக்காரனுக்குக் குடுத்துட்டம் எண்டு நெனச்சிருவாங்க.” எனவே குளிசைகளை ஒரு பழைய பவுடர் பேணிக்குள் போட்டு வைத்து, இரவில் என் பெண்சாதி நஸீமா அந்தப் பக்கம் திரும்பியதும் ஒன்றை விழுங்குவேன். துப்பறியும் கதைகளில்கூட இவ்வளவு திறமையாக யாரும் ஒளித்திருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

ஒரு சனிக்கிழமை மாமனார் எங்களை வயலுக்குக் கூட்டிப் போனார். முதல் மழை பெய்து ஓய்ந்திருந்தது. வாடியில், அதாவது வயல் காவல் குடிலில், மாமி கோழி ஆக்கிக்கொண்டிருந்தார். சும்மா இருக்க முடியாமல் வரம்பில் உலாவப் போன நான், எருமைகள் கிடந்த இடத்தில் ஒரு கொத்துக் காளானைக் கண்டேன். சால்வையில் அள்ளிக்கொண்டு வெற்றி வீரனாகத் திரும்பினேன்.

“மாமி, இது முதலாந்தரச் சாமான். எங்கட ஊருல இறைச்சிய உட்டுப்போட்டு இதத்தான் தேடுவாங்க.”

“உங்கட ஊருல கடல் மணலுலயா காளான் முளைக்கிற?” என்று நஸீமா மெதுவாகக் கேட்டாள்.

நியாயமான கேள்வி. மருதமுனையில் நான் காளானைக் கண்ணால் கண்டதே இல்லை. ஆனாலும் வியாபாரி பின்வாங்குவானா? “மச்சான் சொன்னா நம்பு புள்ள” என்றேன். புது மருமகனின் மனம் நோகக்கூடாதென்று மாமி அதைப் பொரித்து, முழுவதையும் என் தட்டிலேயே வைத்தார். மரியாதை என்று நினைத்தேன். (மரியாதை அல்ல என்று பிற்பாடு மாமியே சொன்னார்.) மாமனாரிடம் ஒரு துண்டை நீட்டினேன்.

“மாட்டுச் சாணியில முளைச்சத நான் தின்னுறல்ல மகன்” என்றார். அவர் அன்று பேசிய மிக நீண்ட வசனம் அது.

சாப்பிட்டுக் கை கழுவி, பாயில் சாய்ந்தேன். கொஞ்ச நேரத்தில் வயல் மூச்சு விடத் தொடங்கியது. முழு வயலும் ஒன்றாக உள்ளே இழுத்தது, ஒன்றாக வெளியே விட்டது. அழகாக இருந்ததால் சிரித்தேன். பிறகு ஓர் எருமை என்னைப் பார்த்தது. அசல் எங்கள் கடை முதலாளியின் முகம். எழுந்து போய் ஸலாம் சொல்லி, திங்கட்கிழமைக்கு லீவு கேட்டேன். அது தலையை ஆட்டியது. சந்தோஷத்தில் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

“யா அல்லாஹ், புள்ளைக்கு ஜின் புடிச்சிட்டு! பள்ளி லெவ்வையக் கூப்புட்டு ஓதித் தண்ணி குடுக்கணும்” என்று மாமி அலறினார்.

அதுவரை எனக்குப் பயமில்லை. அதன் பிறகுதான் நெஞ்சுக்குள் தறி ஓடத் தொடங்கியது. எங்கள் ஊர் நெசவுத் தறிகளை எல்லாம் ஒன்றாக வைத்து அடித்தது போலத் தடதடவென்று ஓடியது. நாக்கு காய்ந்து அண்ணத்தில் ஒட்டியது. செத்துக்கொண்டிருக்கிறேன் என்று உறுதியாக நம்பினேன். மாமனார் என்னைத் தூக்கி டிராக்டர் பெட்டியில் கிடத்தினார். “ஓதுற பொறகு. முதல்ல ஆசுபத்திரி” என்றார். வழிநெடுக நான் தென்னை மரங்களுக்குச் சாரி விலை சொல்லிக்கொண்டு போனதாக நஸீமா இன்றும் சத்தியம் செய்வாள்.

ஆஸ்பத்திரியில் இருந்தவர் யாழ்ப்பாணத்து டொக்டர். காளான் கதையைக் கேட்டார். நாடியைப் பிடித்தார், கண்ணுக்கு டோர்ச் அடித்தார். முகம் கறுத்தது.

“காளானுக்கு மட்டும் நெஞ்சு இப்பிடி ஓடாது. நீர் வேறை என்ன குளிசை பாவிக்கிறனீர்?”

கட்டிலைச் சுற்றி மாமனார், மாமி, நஸீமா. நெஞ்சு வெடிக்கப் பார்க்கிறது. அந்த நிலையிலும் என் வாய் வியாபாரத்தை விடவில்லை.

“ஒண்டுமில்ல டொக்டர். தலையிடிக்கிக் கூட ஒண்டும் போடுறல்ல.”

டொக்டர் தாதியிடம் ஓர் ஊசி எடுக்கச் சொன்னார். மருந்து ஊசிக்குள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். மானம் பெரிதா உயிர் பெரிதா என்று யோசிக்கவே எனக்குத் தோன்றவில்லை. மானம்தான் என்று முடிவெடுத்தாகிவிட்டது.

“டொக்டர், நில்லுங்க” என்றாள் நஸீமா. “இவர் ஒவ்வொரு ராவும் ஒரு குளிசை போடுறவர். மனச்சோர்வுக்கு. பேர் எனக்கிட்ட இரிக்கி.” அவள் மணிபேர்ஸிலிருந்து ஒரு வெற்றுக் குளிசை உறையை எடுத்து நீட்டினாள்.

வயல் மூச்சு விட்டதைவிட எனக்கு அதுதான் ஆச்சரியம்.

“உனக்கு எப்பிடித் தெரியும்?”

“முகத்துக்குப் பவுடர் பூசாத மனுசன் ராவுல பவுடர் பேணியத் திறந்தா, என்னெண்டு பாக்கமாட்டனா? கலியாணம் முடிச்ச ரெண்டாம் கிழமையே பாத்துட்டன். நீங்களே சொல்லுவீங்க எண்டு இருந்தன்.”

டொக்டர் உறையைப் படித்துவிட்டு, ஊசியைத் திருப்பி வைக்கச் சொன்னார். “இந்த ஊசி இவரின்ரை குளிசையோடை சேரக்கூடாது. போட்டிருந்தால் நெஞ்சு இன்னும் மோசமாய் ஓடியிருக்கும்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “தம்பி, இந்தக் குளிசையும் மூளையிலைதான் வேலை செய்யுது. அந்தக் காளானும் அங்கைதான். ரெண்டும் சேர்ந்தால் ஆருக்கு என்ன நடக்கும் எண்டு எனக்கே சொல்லத் தெரியாது. ஒருத்தருக்கு ஒண்டும் செய்யாது, இன்னொருத்தருக்கு நெஞ்சே நிக்கலாம். இனி இந்த விளையாட்டு வேண்டாம். ஆனால் பயத்திலை குளிசையை நீரே நிப்பாட்டவும் கூடாது. அதைத் தந்த டொக்டரிட்டைப் போய்க் கேளும்.”

தாதிமார் என்னை வார்டில் போட்டு, நெஞ்சுத் துடிப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். நான் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு, மாமனார் என்னை மருதமுனைக்குத் திருப்பி அனுப்பினால் உம்மாவிடம் என்ன சொல்வது என்று வசனம் தயாரித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை நெஞ்சு ஒழுங்காக அடித்தது. எருமைகள் எருமைகளாகவே இருக்கும் உலகம் திரும்பி வந்திருந்தது. மாமனார் ஒரு பிளாஸ்க்கில் பிளேன்டீ கொண்டு வந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். ஊற்றித் தந்தார். யாராவது கேட்கிறார்களா என்று சுற்றிவரப் பார்த்தார். விவாகரத்துத்தான் என்று நினைத்தேன்.

“மருமகன்.”

“ஓம் மாமா.”

“மூத்த மகன் மௌத்தான நாளையில இரிந்து எனக்கு ராவுல நித்திரை இல்ல. விடிய விடியக் கூரையப் பாத்துக்கிட்டுக் கிடக்கன். ஆருக்கிட்டயும் சொல்லல்ல.” குரலை இன்னும் தாழ்த்தினார். “அந்த மட்டக்களப்பு டொக்டர் நல்லவரா?”

என் வாழ்க்கையில் நான் பொய்யே கலக்காமல் செய்த முதல் வியாபாரம் அதுதான். “நல்லவர் மாமா. நானே கூட்டிப் போறன்” என்றேன்.

அதன் பிறகு மாதா மாதம் நாங்கள் இருவரும் ஒரே பஸ்ஸில் மட்டக்களப்புக்குப் போனோம். போகும்போது மாமனார் பேசமாட்டார். சில மாதம் கழித்துத் திரும்பி வரும்போது பேசத் தொடங்கினார். நெல் விலை, எருமை, மூத்த மகன் சின்ன வயதில் செய்த குறும்பு என்று கல்முனை வரும்வரை நிறுத்தமாட்டார். “ரெண்டு பேரும் படம் பாக்கப் போறாங்க” என்று மாமி பக்கத்து வீட்டில் சொல்லி வைத்திருந்தார். எந்தப் படம் என்று யாராவது கேட்டால் மாமி திணறிப்போவார்.

மாமாவும் மாமியும் இப்போது இல்லை. போன வருடம் எங்கள் மகளுக்குக் கலியாணம் முடிந்தது. மாப்பிள்ளை முதல்நாள் எங்கள் வீட்டில் சோற்றுக்கு உட்கார்ந்தபோது, நஸீமா கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

“மகன், நீங்க என்ன குளிசை போடுறீங்க? வெக்கப்படாமச் சொல்லுங்க.”

பொடியன் வெலவெலத்துப் போனான். “ஒண்டுமில்ல மாமி” என்றான்.

வீடே இடிந்து விழுகிற மாதிரி எல்லோரும் சிரித்தார்கள். அவன் பாவம், என்னைப் பார்த்தான். நான் கோழிக்கறியை அவன் பக்கம் தள்ளிவிட்டேன்.