என் மகளைப் பற்றிய செய்தியில் ஒரு பிழை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாற்பத்தொரு வருடமாக உங்கள் பத்திரிகைக்குச் சந்தா கட்டுபவன் நான். மழையில் நனைந்து வந்த நாட்களில்கூட அடுப்பருகே உலர்த்தி வாசித்திருக்கிறேன். அந்த உரிமையில், வியாழக்கிழமை மூன்றாம் பக்கத்தில் வந்த பெரிய பிழை ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. செவ்வாய்க்கிழமைக்குள் திருத்தம் போட்டுவிடுங்கள்.

நம் ஊர்ப் பம்பு ஆலையில் புதிய தொழில் முயற்சிகளுக்குத் தலைவராக டோர்தே பண்ட்கோர் வந்திருக்கிறார், அந்தப் பொறுப்புக்கு வரும் முதல் பெண் அவர்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். சரி. ஆனால் "ஒவ்வொரு படியிலும் அப்பா என் பக்கம் நின்றார்" என்று அவள் சொன்னதாகப் போட்டிருக்கிறீர்களே, அது பொய். அந்த அப்பா நான்தான். நான் நிற்கவில்லை.

பதினேழு வயதில் ஆலையில் ஃபிட்டர் பயிற்சிக்குச் சேர்கிறேன் என்றாள். நான் அங்கே தொழிலாளர் பிரதிநிதி, பெண்பிள்ளைக்கு இந்த எண்ணெய்ப் பிசுக்கு எதற்கு, பல் மருத்துவரிடம் உதவியாளராகப் போ என்றேன். கேட்கவில்லை, சேர்ந்தாள், மூன்றே வருடத்தில் என்னைவிட வேகமாகப் பம்பைப் பிரித்துப் பூட்டினாள், அதை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை, ஏனென்றால் இந்த ஊரில் தன்னைப் பற்றிப் பெருமை பேசுவதே தப்பு, தன் பிள்ளையைப் பற்றிப் பேசுவது அதைவிடத் தப்பு. மாலை வகுப்பில் வணிகம் படிக்கக் கார் கேட்டாள், தரவில்லை, பதினாறு கிலோமீட்டர், மேற்குக் காற்றில், சைக்கிளிலேயே போய்ப் படித்தாள். பிறகு ஒரு நாள் ஆலைக் கூட்டத்தில் எழுந்து, விவசாயிக்குப் பம்பை விற்க வேண்டாம், பம்பு நம்முடையதாகவே இருக்கட்டும், இறைத்த தண்ணீருக்கு மட்டும் அவர் கொடுக்கட்டும், பழுதானால் நாமே போய்ப் பார்ப்போம் என்றாள். "பம்பு என்ன விருந்துக் கூடாரமா, வாடகைக்கு விட?" என்று கேட்டேன். மண்டபமே சிரித்தது. வாக்கெடுப்பில் எதிர்த்து முதலில் உயர்ந்த கையும் என்னுடையதுதான். திட்டம் தோற்றது. அடுத்த மாதமே அவள் ஆர்ஹுஸ் நகரத்துக்கு வேலைக்குப் போய்விட்டாள், பதினொரு வருடம் அங்கேயே இருந்தாள்.

இப்போது திரும்பி வந்து, அதே திட்டத்தைச் செவ்வாய்க்கிழமை ஆலைக் கூட்டத்தில் மறுபடியும் வாக்கெடுப்புக்கு வைக்கப்போகிறாள். பழைய ஆட்கள் இன்னும் என் முகத்தைப் பார்த்துத்தான் கை தூக்குவார்கள் என்பதால் என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். உங்கள் செய்தியைப் படித்தவர்கள் நடுவில் எந்த முகத்தோடு போய் உட்காருவது? பக்கத்து வீட்டு ஏகோன், பிறந்தநாளுக்கு ஏற்றுவதுபோல, என் மகளுக்காகத் தன் தோட்டத்துக் கம்பத்தில் கொடியே ஏற்றிவிட்டார். "உன் கம்பம் மட்டும் ஏன் காலியா நிக்குது, ஹோல்கர்?" என்று வேலிக்கு அப்பாலிருந்து கேட்டார். கயிறு அறுந்துவிட்டது என்றேன். கயிறு நன்றாகத்தான் இருக்கிறது. செய்யாத நல்லதற்குப் பாராட்டு வாங்க வெட்கமாக இருக்கிறது ஐயா.

"டோர்தேயின் தந்தை அவர் பக்கம் நிற்கவில்லை, வருந்துகிறோம்" என்று ஒரு வரி போட்டால் போதும். வருத்தம் பத்திரிகையுடையதல்ல, தந்தையுடையது என்று வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அலுவலகத்தில் எல்லோரும் சளி, காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று விரும்பும், குறுக்கெழுத்துப் போடுபவருக்குத் தனி அன்பையும் தெரிவிக்கும்,
ஹோல்கர் பண்ட்கோர்

பி.கு.: இந்தக் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு ரொட்டி வாங்கப் போயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைக் காப்பிக்கு வந்த டோர்தே அதைப் படித்துவிட்டாள். "எல்லாம் ஞாபகம் இருக்குப்பா. அந்தக் கைகூட" என்றாள். பிறகு ஏன் பத்திரிகையில் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். "நடந்ததையா சொன்னேன்? செவ்வாக்கிழமை நீங்க எந்தப் பக்கம் நிக்கணும்னு சொன்னேன். ஊரே படிச்சாச்சு, இனி நீங்க மாத்த முடியாது" என்றாள். சொல்லிவிட்டு ரொட்டிக்கு வெண்ணெய் தடவ ஆரம்பித்துவிட்டாள். ஆகவே திருத்தம் வேண்டாம். செய்தி சரிதான். ஐந்து நாள் முன்னதாகப் போட்டுவிட்டீர்கள், அவ்வளவுதான்.