சம்பந்தியைச் சிரிக்க வைக்கும் வழி

"அஞ்சலி, இஞ்சை ஒருக்கா வந்து பாருமப்பா. இவன் பகிடி விடுறதுக்கு முதல் கோட்டுப் பட்டனைப் பூட்டுறான். அதிலைதான் முழு விசயமும் இருக்கு."

டிவிக்கு முன்னால் இருந்தபடி கொட்வின் கூப்பிட்டும் மனைவி அஞ்சலீனா வரவில்லை. சமையலறையில் இருந்து குரல் மட்டும் வந்தது.

"வெங்காயம் உரிச்சுத் தாறன் எண்டு போய் இருந்த மனுசன். எனக்கு இப்ப வெங்காயமும் இல்லை, மனுசனும் இல்லை."

கொட்வினுக்கு வெங்காயத்தைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. வருகிற சனிக்கிழமை மத்தியானம் வட லண்டன் எட்மண்டனில் இருந்து, மகள் றூபினி விரும்புகிற ராஜீவின் அப்பாவும் அம்மாவும் இந்தப் பிளேஸ்டோ வீட்டுக்குச் சாப்பிட வருகிறார்கள். சாப்பாடு சாட்டு. றூபினிக்கும் ராஜீவுக்கும் கல்யாணம் நடக்குமா இல்லையா என்பது அன்றைக்குத் தெரிந்துவிடும்.

ராஜீவின் குடும்பம் தமிழ்நாடு. அம்மா சுலோச்சனா டாக்டர். அவருக்கு றூபினியை முதல் நாளே பிடித்துப்போய்விட்டது. சேர்ச்சில் ஒருமுறை, கோயில் முறைப்படி ஒருமுறை என்று இரண்டு கல்யாணமாகச் செய்துவிடலாம் என்றுகூடப் பேசி முடித்துவிட்டார்கள். பாக்கி இருந்தவர் அப்பா முருகேசன் மட்டும்தான். யார் எதைக் கேட்டாலும் "பாக்கலாம்" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்கிற மனிதர். ஒரு வருடமாகப் பார்த்துக்கொண்டேதான் இருந்தார்.

இந்த மனிதரை எந்தப் பக்கத்தால் பிடிப்பது என்று கொட்வின் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோதுதான் றூபினி அந்தத் தகவலைச் சொன்னாள்.

"அங்கிள் ஒருத்தரோடயும் கதைக்க மாட்டார் அப்பா. ஆனா ராத்திரியில ரீவியில போற அந்த டோக் ஷோ இருக்கெல்லோ, எல்லாத்தையும் பார்ப்பார். டெய்லி. ஒரு எபிசோட்டும் மிஸ் பண்ண மாட்டார்."

கொட்வினுக்கு அது போதும். மனுசன் பகிடிப் பிரியர். சிரிக்க வைத்துவிட்டால் சம்மதம் தானாக வரும்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. கொட்வின் நல்ல மனிதர், நல்ல பஸ் டிரைவர். ஆனால் அவர் பகிடி சொல்லத் தொடங்கினால் பாதியிலேயே தானே சிரித்துவிடுவார். அவருடைய பகிடிகளின் முடிவை இன்றுவரை லண்டனில் ஒருவரும் கேட்டதில்லை.

அதனால் முறையாகப் படிப்பது என்று முடிவெடுத்தார். காலை ஷிப்ட் முடிந்து வந்ததும் பதிவு செய்து வைத்திருந்த நிகழ்ச்சிகளைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். மூன்று தொகுப்பாளர்கள் அவர் கணக்கில் தேறினார்கள். பெயர்கள் வாயில் நுழையாததால் தானே பட்டம் வைத்துக்கொண்டார்.

"கோட்டுக்காரன் வந்த விருந்தாளியைப் பிடிச்சு நக்கல் அடிப்பான்," என்று அன்று இரவுச் சாப்பாட்டில் மனைவிக்கும் மகளுக்கும் விளக்கினார். "அழுமூஞ்சி அப்பிடி இல்லை. தன்னைத்தானே கேவலப்படுத்துவான். நான் மொக்கன், நான் ஒண்டுக்கும் உதவாதவன் எண்டு. சனம் விழுந்து விழுந்து சிரிக்கும்."

"மூண்டாவது ஆள்?" என்றாள் றூபினி.

"மரக்கட்டை. அவன் ஒண்டும் சொல்ல மாட்டான். ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டுச் சும்மா பார்த்துக்கொண்டு நிப்பான். கண்ணும் வெட்ட மாட்டான். பார்க்கப் பார்க்கச் சிரிப்பு வரும்."

"எனக்கு அந்த மரக்கட்டையைத்தான் பிடிச்சிருக்கு," என்றாள் அஞ்சலீனா. "நீங்களும் சனிக்கிழமை வாயைத் திறக்காமல் சோத்தைப் போட்டாலே காணும்."

சொன்னால் கேட்கிற ஆளா? மறுநாள் பூசை முடிந்து சேர்ச் வாசலில் நிற்கும்போது கோட்டுக்காரன் பாணியை ஒருமுறை ஒத்திகை பார்த்தார். அகப்பட்டவர் கஸ்பர். அந்தப் பங்கில் யார் வீட்டு விசேஷம் என்றாலும் மட்டன் றோல்ஸ் கஸ்பர்தான். சனிக்கிழமைக்கும் அவரிடம்தான் சொல்லி வைத்திருந்தார்கள்.

கொட்வின் கோட்டுப் பட்டனைப் பூட்டினார்.

"கஸ்பர், உம்மட றோல்ஸ் இல்லாட்டி லண்டனிலை பஸ்ஸே ஓடாது, தெரியுமோ? மேட்டிலை நிப்பாட்டினால் டயருக்கு முண்டு குடுக்க நாங்கள் அதைத்தான் வைக்கிறனாங்கள்."

ஒருவரும் சிரிக்கவில்லை. கஸ்பரின் மூக்கு மட்டும் சிவந்தது.

"அப்ப சனிக்கிழமை சம்பந்திக்கு டயரைப் பொரிச்சுக் குடுங்கோ," என்றார் கஸ்பர்.

வாசலில் நின்ற முழுச் சனமும் வெடித்துச் சிரித்தது. றோல்ஸ் ஓர்டர் அந்த இடத்திலேயே ரத்தானது.

ஆக, சனிக்கிழமை காலை அஞ்சலீனா எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்று தானே றோல்ஸ் பொரித்தாள். ஒவ்வொன்றும் சட்டிக்குள் வெடித்து வாயைப் பிளந்தது. அவள் கணவனைத் திட்டவில்லை. கரண்டியால் சட்டியின் விளிம்பில் தட்டிய தட்டிலேயே எல்லாம் இருந்தது.

மத்தியானம் விருந்தினர் வந்தார்கள். சுலோச்சனா வாசலிலேயே றூபினியைக் கட்டிக்கொண்டார். பின்னால் ராஜீவின் கையைப் பிடித்தபடி முருகேசன் வந்தார். உயரமான மனிதர், முகத்தில் பாதியை மறைக்கும் கறுப்புக் கண்ணாடி. கொட்வின் தன்னுடைய சாய்வு நாற்காலியை, அந்த வீட்டில் வேறு யாரும் உட்காரத் துணியாத நாற்காலியை, அவருக்குக் கொடுத்தார்.

முருகேசன் சாய்ந்து உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டார். கொட்வின் பட்டனைப் பூட்டினார். அஞ்சலீனா அதைப் பார்த்துவிட்டு மனதுக்குள் ஒரு அருள்நிறை மரியே செபம் சொல்லத் தொடங்கினாள்.

"என்னண்ணை, வீட்டுக்குள்ளையும் கறுப்புக் கண்ணாடி? பொம்பிளை கேட்டு வந்தனீங்களோ, பாங்க் கொள்ளையடிக்க வந்தனீங்களோ?"

ராஜீவ்தான் தொண்டையைச் செருமினான்.

"அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகி நாலு நாள்தான் ஆகுது அங்கிள். வெளிச்சம் படக்கூடாது."

"ம்," என்றார் முருகேசன்.

கொட்வின் தண்ணீர் எடுக்கிற சாக்கில் சமையலறைக்குள் ஓடினார். றூபினி பின்னாலேயே வந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"அப்பா, ப்ளீஸ். நோர்மலா இருங்கோ. எனக்கு இது வேணும் அப்பா."

மகள் எதையும் இப்படிக் கேட்டவள் இல்லை. இந்த வீட்டுக்கு வந்த சம்பந்தத்தை நானே கெடுத்துவிட்டேனே என்று கொட்வின் உண்மையாகவே பயந்தார். பயந்த மனிதர் சும்மா இருந்திருக்கலாம். அவரோ பாணியை மாற்றினால் சரியாகிவிடும் என்று நினைத்தார். மற்றவரை நக்கலடித்தால்தானே தப்பு? தன்னைத்தானே அடித்துக்கொண்டால் யாருக்கு நோகும்?

"அண்ணை, நான் சொன்னதைப் பெரிசா எடுக்காதையுங்கோ," என்று திரும்பி வந்து உட்கார்ந்தார். "நான் ஒரு மொக்கன். போன மாதம் நடந்ததைக் கேளுங்கோ. பஸ் நிறையச் சனம். நான் ஏதோ யோசனையிலை திரும்ப வேண்டிய இடத்திலை திரும்பேல்லை. அடுத்ததிலை திரும்புவம் எண்டு போனன், அது ஒருவழிப் பாதை. அதுக்கு அடுத்ததிலை றோட்டுக் கிண்டிக்கொண்டு நிக்கிறாங்கள்..."

கதை நீண்டது. பஸ் நகரின் மறுகோடியில் இருக்கிற சவுத்தால்வரை போய்வந்தது. ஒவ்வொரு நிறுத்தத்தின் பெயரையும் கொட்வின் சொன்னார். முருகேசன் தலையைக் குனிந்துகொண்டார். தனக்காக அவர் வெட்கப்படுகிறார் என்று கொட்வினுக்குப் புரிந்தது. கதையை எப்படியாவது ஒரு பெரிய சிரிப்பில் முடித்தாக வேண்டும்.

"என்ன செய்யிறது அண்ணை, காலமை ரெண்டு பெக் போட்டாத்தான் எனக்குக் கை நடுங்காமல் ஸ்டீயரிங் பிடிக்க வரும்!"

சொல்லிவிட்டு, வழக்கம்போல, தானே சிரித்தார்.

அழுமூஞ்சிக்கு இது சரிவரும். அவன் டிவியில் பெண் கொடுப்பதில்லை. சம்பந்தம் பேச வந்த இடத்தில் பெண்ணின் தகப்பன் சொல்கிற ஒவ்வொரு சொல்லும் விசாரணையில் கிடைத்த தகவல் அல்லவா? சுலோச்சனா கையில் இருந்த றோல்ஸைத் தட்டில் வைத்தார்.

"எவ்வளவு நாளா அண்ணா?"

"என்ன எவ்வளவு நாள்?"

"இந்தப் பழக்கம். காலைல எழுந்ததும் குடிக்கணும்னு தோணுதா? குடிக்கலேன்னா படபடப்பா இருக்கா?"

"ஐயோ அக்கா, அது பகிடி!"

"எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்வாங்க. வெட்கப்படாதீங்க. உதவி கிடைக்கும்."

"கடவுளே, பூசை வைனுக்கே இவருக்குத் தலை சுத்தும்," என்று ஓடி வந்தாள் அஞ்சலீனா.

சுலோச்சனா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க எவ்வளவு தாங்கிட்டு இருந்திருக்கீங்க!" என்றார். ராஜீவ் நிலத்தைப் பார்த்தான். றூபினி கூரையைப் பார்த்தாள்.

வாயைத் திறக்கத் திறக்க வினை என்று கொட்வினுக்கு அப்போதுதான் உறைத்தது. சரி, மரக்கட்டைதான் ஒரே வழி. "நான் குடிக்கிறேல்லை," என்று ஒரே சொல் சொன்னார். பிறகு அசையாமல், கண்வெட்டாமல், முருகேசனின் கறுப்புக் கண்ணாடியை நேராகப் பார்த்தபடி இருந்தார்.

"அண்ணா?" என்றார் சுலோச்சனா.

மரக்கட்டை முதலில் அசைந்தால் பகிடி கெட்டுவிடும். கொட்வின் அசையவில்லை.

"அண்ணா, நான் பேசறது கேக்குதா? ராஜீவ், போனை எடு, ஆம்புலன்ஸைக் கூப்பிடு! அண்ணா, ரெண்டு கையையும் தூக்குங்க. இன்னைக்கு என்ன கிழமை? எங்க, பல்லு தெரியச் சிரிங்க பாப்போம்!"

ஆம்புலன்ஸ் என்றதும் கொட்வின் பதறி இரண்டு கையையும் தூக்கி, எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தார். அன்று அந்த வீட்டில் வேறொருவர் சொன்னதற்காகச் சிரித்த ஒரே ஆள் அவர்தான்.

"ஸ்ட்ரோக் இல்ல. வாய் கோணல. கையும் சரியா இருக்கு," என்று பெருமூச்சு விட்டார் சுலோச்சனா. ராஜீவ் போனைக் கீழே வைத்தான். அஞ்சலீனா அழுதுகொண்டிருந்தாள்.

இவ்வளவு அமளியிலும் முருகேசன் எழுந்திருக்கவில்லை. கட்டிய கை கட்டியபடி, குனிந்த தலை குனிந்தபடி. முன்னால் இருப்பவன் செத்துப்போனாலும் திரும்பிப் பார்க்காத அளவுக்கு மனுசனுக்குத் தன்மேல் வெறுப்பு வந்துவிட்டது என்று கொட்வின் உடைந்துபோனார். பட்டனைக் கழற்றினார். அன்றைக்கு முதல் தடவையாகத் தன் சொந்தக் குரலில் பேசினார்.

"அண்ணை, என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ. எனக்குக் குடியும் இல்லை, நோயும் இல்லை. நீங்கள் அந்த ராத்திரி ஷோ எல்லாம் விடாமல் பார்க்கிறனீங்கள் எண்டு பிள்ளை சொன்னா. அவங்களைப் போலை உங்களைச் சிரிக்க வைச்சால் ஓம் எண்டு சொல்லுவியள் எண்டு நினைச்சன். எனக்குப் பகிடி வராது. ஆனால் என்ர பிள்ளை நல்ல பிள்ளை அண்ணை. என்ர விசர்த்தனத்துக்கு அவளை வேண்டாம் எண்டு சொல்லிப்போடாதையுங்கோ."

முருகேசன் பதில் சொல்லவில்லை. றூபினி வந்து அப்பாவின் தோளில் கை வைத்தாள்.

சுலோச்சனா கணவரைப் பார்த்தார். ஏதோ சந்தேகம் வந்தவர்போல எழுந்து, மெதுவாகப் போய்க் குனிந்து, அந்தக் கறுப்புக் கண்ணாடியை ஒரு விரலால் சற்றே தூக்கிப் பார்த்தார். பார்த்தவருடைய கண் நிறைந்துவிட்டது. உதட்டில் விரலை வைத்து எல்லோரையும் அடக்கிவிட்டு, கொட்வினின் காதருகே வந்து கிசுகிசுத்தார்.

"நாலு வருஷமா தூக்கமே வராத மனுஷன்ணா இவர், அந்த ஷோவைப் பாத்தாலாவது தூக்கம் வருமான்னுதான் தினம் உக்காந்து பாப்பார், டிவில ஒருத்தனாலயும் முடியல, என் மாத்திரையாலயும் முடியல, தூங்கி எழுந்தா இவர் எல்லாத்துக்கும் சரின்னுடுவார், கல்யாணத்தை இந்த மாசமே வெச்சுக்கலாம், நீங்க மட்டும் நிறுத்தாம அந்தப் பஸ் கதையை முதல்லேர்ந்து சொல்லுங்க!"