முதலாம் கவுண்டரில் கேட்கக் கூடாத கேள்வி

மனித குலம் இதுவரை கண்டுபிடித்தவற்றுள் தலைசிறந்தது நெருப்பும் அல்ல, சக்கரமும் அல்ல. ஸ்வீடனில் எங்கள் எல்வ்ஹம்ரா மாவட்ட நீதிமன்றத்தின் முதலாம் கவுண்டர்தான். இருபத்திரண்டு ஆண்டுகளாக அதன் பின்னால் உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில் இதை மிகுந்த அடக்கத்துடன் சொல்கிறேன்.

எங்கள் நாட்டில் அரசுக் காகிதம் என்பது மக்கள் சொத்து. யாரும் வரலாம், எந்தக் கோப்பையும் கேட்கலாம். வந்தவரிடம் ‘நீங்கள் யார்?’ என்றோ ‘எதற்கு?’ என்றோ நாங்கள் கேட்கக் கூடாது. நான் இதில் ஒரு படி மேலே போனவன். ஒருமுறை என் மனைவியே கவுண்டருக்கு வந்தபோது அவளை யாரென்றே தெரியாதவன்போல நடந்துகொண்டேன். அலுவலகத்தில் பாராட்டுச் சான்றிதழ் கிடைத்தது. வீட்டில் கிடைத்தது வேறு.

சென்ற ஏப்ரலில் ஒருநாள் காலை பெர்னில்லா என்ற பெண்மணி வந்தார். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்ப்பவர். மாடிப்படியில் ‘தவறி விழுந்த’ இடது கை, கட்டுப்போட்டுக் கழுத்திலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. அவருடைய கணவர் அவரை நூறு மீட்டருக்குள் நெருங்கக் கூடாது என்று எங்கள் நீதிமன்றம் ஏற்கெனவே அருமையான தடை உத்தரவு ஒன்றைப் பிறப்பித்திருந்தது.

“சீட்டு எண்?” என்றேன்.

“என்ன சீட்டு?”

“வாசல்ல மெஷின் இருக்கு. எடுத்துட்டு வாங்க.”

“இங்க என்னைத் தவிர யாருமே இல்லையே!”

“அதனாலதான் உங்க முறை சீக்கிரம் வந்துரும்.”

எடுத்து வந்தார். நாற்பத்தேழு. பொத்தானை அழுத்தினேன், பலகையில் நாற்பத்தேழு ஒளிர்ந்தது. இதில் உள்ள அழகை அவர் ரசித்ததாகத் தெரியவில்லை.

“உத்தரவு அவன் கைக்குப் போய்ச் சேந்துச்சா?”

“இன்னும் இல்ல. அவர் கையெழுத்துப் போட்டு வாங்குற வரைக்கும் அது செல்லுபடி ஆகாது. உத்தரவக் கொண்டுபோய்ச் சேக்குற எங்க இங்வார் பதினோரு தடவ வீட்டுக்குப் போயிட்டார். தினமும் காலைல எட்டரைக்கே எங்கேயோ கெளம்பிப் போயிடுறாராம் உங்க வீட்டுக்காரர்.”

“எங்க போறான்?”

“அதத்தான் ரெண்டு வாரமா மாவட்டம் பூரா தேடுறோம்.”

அவர் பெருமூச்சு விட்டார். இனி தான் தங்கப்போகும் இடத்தை யாருக்கும் சொல்லவில்லை என்றும், அதை ரகசியமாக வைக்க வழி உண்டா என்றும் கேட்டார்.

“தாராளமா உண்டு. தனி விண்ணப்பம் இருக்கு. தபால்ல உங்க வீட்டுக்கே அனுப்பிட்டோமே.”

“எந்த வீட்டுக்கு?”

“பதிவுல இருக்குற வீட்டுக்கு.”

“அது அவன் இருக்குற வீடு!”

“அப்போ விலாசத்த மாத்திக்குங்க. இந்தப் படிவத்துல புதுசு எழுதுங்க, கோப்புல சேத்துடுறேன்.”

“கோப்ப யார் வேணா பாக்கலாமில்ல?”

“ரகசிய விண்ணப்பம் வந்து சேர்ற வரைக்கும் பாக்கலாம்.”

“நான் எழுத மாட்டேன்.”

“உங்க இஷ்டம். விலாசம் இல்லாத மனுவ வெள்ளிக்கிழமையோட மூடிடுவோம். உத்தரவும் அதோட போயிரும்.”

என் குரலில் எந்தக் கடுமையும் இல்லை. அதற்கும் எங்களுக்குப் பயிற்சி உண்டு. பெர்னில்லா படிவத்தைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு வலது கையால், மெதுவாக, ஒரு தெருப் பெயரையும் வீட்டு எண்ணையும் எழுதினார். எண் சற்றுத் தெளிவில்லாமல் இருந்தது. திருப்பிக் கொடுத்துத் தெளிவாக எழுதச் சொன்னேன்.

இங்கே எங்கள் கவுண்டரின் பரம ரசிகர் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பச்சை ஜாக்கெட் போட்ட மனிதர். இரண்டு வாரங்களாக ஒருநாள் தவறாமல் காலை ஒன்பதுக்கு வருவார். அழகாகச் சீட்டு எடுப்பார். பெர்னில்லாவின் கோப்பைக் கேட்பார். “புதுசா பக்கம் ஏதாவது சேந்துருக்கா?” என்பார். இல்லை என்றால் கோபித்துக்கொள்ள மாட்டார். எங்கள் காப்பி நன்றாக இருக்கிறது என்று என் சக ஊழியர் ஸ்டீனாவிடம் சொல்லியிருக்கிறார். முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் வழக்கில் ஒரு குடிமகனுக்கு இத்தனை அக்கறையா என்று நான் நெகிழ்ந்துபோவேன். முந்தின நாள் அந்த ரகசிய விண்ணப்பத்தையே உறையோடு கொண்டுவந்து, “இது எங்க வீட்டுக்கு வந்துச்சு. அவ அங்க இல்ல. புது விலாசம் இருந்தா சொல்லுங்க, நானே குடுத்துடுறேன்” என்றார். உங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது என்ற கேள்வி என் நாக்கின் நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

பெர்னில்லா வந்த அன்று அவருக்குப் பேருந்து தாமதம் போலும். ஒன்பதரைக்குத்தான் உள்ளே வந்து, மெஷினிலிருந்து நாற்பத்தெட்டை எடுத்தார்.

பெர்னில்லா திரும்பினார். முகம் வெளுத்துவிட்டது.

“அவன்தான்,” என்று கிசுகிசுத்தார். “கென்னெத். என் புருஷன்.”

நான் சட்டென்று இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டேன்.

“பெர்னில்லா, பேரச் சொல்லாதீங்க! யாருன்னு தெரியாம இருக்குறது அவரோட உரிமை.”

“நீங்க ரெண்டு வாரமா தேடுற ஆள் அவன்தான்! உத்தரவு உங்க மேசையில இருக்கு. உங்க இங்வார் அதோ உக்காந்துருக்கார். நாலு எட்டு எடுத்து வெச்சா குடுத்துடலாம்!”

உண்மைதான். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் காப்பி அறையில் இங்வார் இலவங்கப்பட்டை பன்னோடு உட்கார்ந்திருந்தார். ஒன்பதரை முதல் பத்து வரை எங்கள் நாட்டில் காப்பி நேரம். போரே மூண்டாலும் பத்துக்குப் பிறகுதான் எங்களுக்குத் தெரியவரும். கவுண்டரைக் காக்க நான் மட்டும் தியாகம் செய்கிறேன்; என் முறை பத்தரைக்கு.

பெர்னில்லா கண்ணாடியைத் தட்டினார். இங்வார் கதவைக் கொஞ்சமாகத் திறந்து, விஷயத்தை மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

“இங்க குடுக்க முடியாதும்மா. படிவத்துல ‘சேர்ப்பித்த வீடு’ன்னுதான் போட்டுருக்கு. இது வீடு இல்லையே.”

“அப்போ நானே குடுக்குறேன்!”

“மனுதாரர் குடுத்தா செல்லாது,” என்றார் இங்வார். பன்னை ஒரு கடி கடித்தார். கதவு மூடிக்கொண்டது.

பலகையில் நாற்பத்தெட்டு ஒளிர்ந்தது. அழுத்தியது நான்தான். முறை என்றால் முறை.

“இன்னிக்காவது புதுசா ஏதாவது உண்டா?” என்றார் பச்சை ஜாக்கெட். பெர்னில்லாவின் பக்கம் அவர் திரும்பவே இல்லை. அவ்வளவு கண்ணியம்.

“ஒரே ஒரு பக்கம்தான்,” என்றேன். மை இன்னும் காயவில்லை. நகல் எடுத்து, மூலையில் முத்திரை குத்திக் கொடுத்தேன். பதிவேட்டில் கையெழுத்தும் போட்டேன்.

“ரொம்ப நன்றி லென்னார்ட். இந்த ஆபீஸ் மாதிரி வராது.”

பெர்னில்லா ஏற்கெனவே வாசலைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தார். நாற்பத்தேழாம் எண் சீட்டைத் தரையிலேயே போட்டுவிட்டுப் போனதை நான் குறித்துவைத்தேன்.

அன்று மாலை நாலு இருபதுக்கு இங்வார் தம் கடமையை முடித்தார். கணவரின் வீடு பன்னிரண்டாம் முறையும் பூட்டியிருக்கவே, மனுதாரரிடமே விசாரிக்கலாம் என்று கோப்பிலிருந்த புது விலாசத்துக்குப் போயிருக்கிறார். கதவைத் திறந்தவர் பச்சை ஜாக்கெட். சேர்ப்பிப்பவருக்குப் பெயர் கேட்க அதிகாரம் உண்டு, கேட்டார். கென்னெத் என்று பதில் வந்தது. உத்தரவைக் கொடுத்தார், கையெழுத்து வாங்கினார். அந்த நொடியிலிருந்து பெர்னில்லாவை நூறு மீட்டருக்குள் நெருங்க அவருக்குத் தடை. அவர் அந்த வீட்டுக்குள்தான் நின்றுகொண்டிருந்தார்.

உள்ளே யாரோ முனகும் சத்தம் கேட்டதாம். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. போலீஸை அழைத்தது பக்கத்து வீட்டுக்காரர். அவருக்குப் பயிற்சி கிடையாது.

அந்தக் காலாண்டில் ‘உத்தரவு சேர்ப்பித்தல்: நூறு சதவீதம்’ என்று எங்கள் அறிக்கை சொன்னது. ஸ்டீனா கேக் வாங்கிவந்தார்.

ஆறு வாரம் கழித்து ஒரு பெண் வந்தார். இரண்டு கைகளிலும் மாவுக்கட்டு. மெஷினிலிருந்து சீட்டைப் பல்லால் இழுத்துக் கிழித்து, கவுண்டரில் துப்பினார். எண் பன்னிரண்டு. அவர் யாரென்று எனக்குத் தெரியாது. தெரியக் கூடாது.

“ஏப்ரல் ஒம்பதாந்தேதி ஒரு விலாசத்த நகல் எடுத்துக் குடுத்தது யாருன்னு பாக்கணும்.”

பதிவேட்டைத் திறந்து அவர் பக்கம் திருப்பினேன். குனிந்து படித்தார்.

“லென்னார்ட் வெஸ்டின். சரி. இவரோட வீட்டு விலாசம் வேணும்.”

எங்கள் நாட்டில் அதுவும் மக்கள் சொத்துதான். பேனாவை எடுத்தேன். தெருப் பெயரை எழுதினேன். வீட்டு எண்ணுக்கு வந்தபோது கை நின்றுவிட்டது. கதவுப் பூட்டு கொஞ்ச நாளாகச் சரியில்லை என்பது நினைவுக்கு வந்தது. நாலரைக்கெல்லாம் என் மனைவி தனியாக வீடு திரும்பிவிடுவாள் என்பதும்.

“எதுக்கு?” என்றேன்.

இருபத்திரண்டு ஆண்டில் முதல் முறை. கேட்டுவிட்டேன், எவ்வளவு சுலபமாக வந்தது! கூரை இடிந்து விழவில்லை. யாரும் என்னைத் தண்டிக்கவும் இல்லை. காப்பி அறையில் ஒருவரும் தலை நிமிர்த்திக்கூடப் பார்க்கவில்லை.

அவர் மட்டும் என்னைப் பார்த்தார்.

“கேக்கத் தெரியுதே லென்னார்ட், உங்களுக்கு.”