சந்தனப் பொட்டும் வயர்லெஸ் பெட்டியும்

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று நம்பியவர்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர். ஒருவர் என் அப்பா, இன்னொருவன் நான். அப்பா இப்போது நம்புவதில்லை.

செல்போனில் பொத்தான்கள் இருந்த காலம் அது. விளாங்குடியில் எங்கள் வீடு. இருபத்தேழு வயதில் எனக்குப் பெண் தேடிக்கொண்டிருந்தார்கள். உசிலம்பட்டியிலிருந்து ஒரு வரன் வந்தது. பெண் பெயர் செல்வி, பெங்களூரில் வேலை, லீவு கிடையாது. அதனால் அவளுடைய அப்பா அம்மா மட்டும் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வருவதென்றும், நாங்கள் இருவரும் கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேசுவதென்றும் ஏற்பாடு. போட்டோவைப் பார்த்த அன்றே நான் பாதி மாப்பிள்ளை ஆகிவிட்டேன் (மீதிப் பாதிக்குத்தான் அவள் சம்மதம் தேவைப்பட்டது).

இதற்கென்றே புது லேப்டாப்பும் இன்டர்நெட்டுக்கு ஒரு வயர்லெஸ் பெட்டியும் வாங்கினேன். புதுப் பொருள் வந்தால் அம்மாவுக்குப் பொட்டு வைத்தாக வேண்டும். ஸ்கிரீனில் வைக்கக்கூடாது என்று நான் கத்தியதால், லேப்டாப்பின் முன்பக்க விளிம்பில் சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து மூன்று பொட்டு வைத்தாள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மறுநாளிலிருந்து இன்டர்நெட் இரண்டு நிமிடம் வரும், பத்து நிமிடம் போகும். எனக்குப் பெட்டி மேல்தான் சந்தேகம்.

ஞாயிற்றுக்கிழமை பெண்ணின் அப்பா மனைவியோடு வந்தார். சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்து மாடு வாங்குகிறவர். என்னையும் அப்படித்தான் பார்த்தார்.

"தம்பி கம்ப்யூட்டர்ல புலியாம்ல?"

"இந்தா, இப்பப் பாருங்க" என்று நான் லேப்டாப்பைத் திறந்தேன். இன்டர்நெட் இல்லை.

அணைத்துப் போட்டேன். பெட்டியை ஃப்ரிட்ஜ் மேல் வைத்தேன், பீரோ மேல் வைத்தேன். பக்கத்து வீட்டு மிக்ஸியை நிறுத்தச் சொல்லி ஆள் அனுப்பினேன் (சட்னி பாதியில் நின்ற கோபம் அவர்களுக்கு இன்றும் உண்டு). "சிக்னல் மேலதான் இருக்கும்" என்று கண்டுபிடித்து, கடைசியில் அப்பாவிடம் பெட்டியைக் கொடுத்து, ஸ்டூல் மேல் ஏறி இரண்டு கையாலும் தூக்கிப் பிடிக்கச் சொன்னேன். பாவம், பிடித்தார்.

"எம்புட்டு நேரம்டா?" என்றார் மேலேயிருந்து.

"அசையாதீங்கப்பா!"

பெண்ணின் அப்பா கேசரியை முடித்து, பஜ்ஜியையும் முடித்துவிட்டார். அவர் ஒவ்வொரு முறை "என்ன தம்பி" என்னும்போதும் நான் அப்பாவை இன்னும் கொஞ்சம் உயரத் தூக்கச் சொன்னேன். சம்பந்தம் முடிவானால்தானே "மாப்ள" என்று கூப்பிடுவார். அந்த ஒரு வார்த்தை கைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது.

அப்போது செல்வி அவர் செல்போனில் கூப்பிட்டாள்.

"அதெல்லாம் பலமா வேலை நடக்குதுத்தா. தம்பி அவங்க அப்பாவ ஸ்டூல்ல ஏத்திவிட்டுருக்காரு" என்றவர், சற்றுக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "லேப்டாப்பு முன்பக்கம் வயர்லெஸ்ஸுக்குன்னு சின்னதா ஒரு சுவிட்ச் இருக்குமாம். அது முழுசா ஆன்ல இருக்கான்னு பாக்கச் சொல்லுது."

"அப்படி எதுவும் கிடையாதுங்க" என்றேன், புலியாகவே.

அவர் குனிந்து பார்த்தார். "சுவிட்சக் காணோம். சந்தனந்தேன் இருக்கு."

அவர் மனைவி தாலிச் சங்கிலியிலிருந்து ஓர் ஊக்கைக் கழற்றிக் கொடுத்தார். பெண்ணின் அப்பா நடுப் பொட்டைச் சுரண்டியதும் உள்ளே இருந்து ஒரு குட்டி சுவிட்ச் வெளிவந்தது. சந்தனம் காய்ந்ததில் அது பாதி வழியில் மாட்டிக்கொண்டு நின்றது. அவர் கட்டைவிரலால் தள்ளினார். இன்டர்நெட் வந்தது.

ஸ்கிரீனில் செல்வி வந்தாள். வியர்த்து வழிந்த என்னைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் ஸ்டூலில் பெட்டியோடு நின்ற அப்பாவைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

பெண்ணின் அப்பாவும் அம்மாவும் வெளியே போய் மறுபடி அவளுடன் போனில் பேசினார்கள். திரும்பி வந்தவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்:

"அப்ப நாங்க வாரோம். சம்பந்தியக் கீழ இறக்கிவிடுங்க, மாப்ள."

இன்றும் எங்கள் வீட்டில் இன்டர்நெட் போனால் செல்வி என்னைக் கூப்பிடுவதில்லை. "மாமா, கொஞ்சம் தூக்குங்க!" என்று குரல் கொடுப்பாள். அப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடியே, பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், இரண்டு கையையும் மேலே தூக்குவார்.